மரணசாசனத்தின் விலை: கொழும்புத் தமிழரின் ஆதன ஒழுங்கு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஆதனம் தேடுவதற்கு ஆகும் செலவைக் கணக்கிடாதவர் இல்லை. தேடிய ஆதனத்தைத் தமக்குப்பின் எவரிடம், எவ்வாறு சேர்ப்பது என்பதை ஒழுங்குசெய்ய ஆகும் செலவைக் கணக்கிடுவோர் மிகச் சிலரே. கொழும்பு மாநகரின் தென் எல்லையை அண்டி, வெள்ளவத்தைக்குக் கிழக்கே அமைந்த பாமன்கடையில் வீடொன்றின் உடைமையாளராயுள்ள தமிழர் ஒருவரை நோக்கி, ‘மரணசாசனம் எழுதியாயிற்றா?’ என வினவின், ‘அதற்கு இப்பொழுது என்ன அவசரம்?’ என்றோ, ‘நொத்தாரிசுக்கு வீணாக ஏன் கொடுக்கவேண்டும்? பிள்ளைகள் தம்முள் ஒத்துப் பிரித்துக்கொள்வார்கள்’ என்றோ விடை வருதல் இயல்பு. சாவைப் பற்றிப் பேசுதல் அமங்கலம் என்ற எண்ணமும் இவ்விடையிற் கலந்திருக்கும். எழுதுவதே செலவு, எழுதாதிருத்தல் செலவற்றது என்பது இதன் உட்கிடை.

இவ்வெண்ணம் சரியானதா என்பதை ஆராய்வதற்கு வரலாறே தக்க சான்றாகும். ஆதனத்தை ஒழுங்குசெய்யும் முறை இலங்கைத் தமிழரிடையே கடந்த முந்நூறு ஆண்டுகளிற் பல தடவை மாறியுள்ளது. ஒவ்வொரு முறைக்கும் ஒரு விலை இருந்தது. அவ்விலையைச் செலுத்தியவரும் ஒருவர் இருந்தார். அவர் யார் என்பதைக் காணுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேசவழமை வகுத்த ஒழுங்கு

ஒல்லாந்தர் ஆட்சியின்போது, தேசாதிபதி கொர்னேலிஸ் ஜோன் சைமன்சின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாக விளங்கிய கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் அந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்து 1707 ஆம் ஆண்டில் நிறைவுசெய்தார். தொகுப்பு தமிழாக்கப்பட்டு, முதலிமார் பன்னிருவரின் பார்வைக்கு வைக்கப்பட்டு, அவர்களால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பின்னர் ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டு 18 ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் அதற்குச் சட்டவலு அளித்தனர். தேசவழமை என இன்றும் வழங்குவது இதுவே.

தேசவழமை ஆதனத்தை மூன்றாக வகுத்தது. பரம்பரையாக வந்தது முதுசம். மணமகள் கொண்டுவந்தது சீதனம். மணவாழ்வின்போது இருவரும் ஈட்டியது தேடியதேட்டம். பழைய வழக்கப்படி தந்தைவழி முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றன. போர்த்துக்கேயர் காலத்தில் இவ்வேறுபாடு தளர்ந்து, எவ்வகை ஆதனத்திலிருந்தும் சீதனம் கொடுக்கும் வழக்கம் பரவியதை ஐசாக்சின் தொகுப்பே கூறுகின்றது. சீதனம் பெற்று மணமுடித்துச் சென்ற மகள், சகோதரர் இருக்கும்வரை பெற்றோரின் எஞ்சிய ஆதனத்திற் பங்கு கோர இயலாது என்பது இவ்வொழுங்கின் உயிர்நாடியான விதி.

இதனை ஊன்றி நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். சாவின்பின் நிகழவேண்டிய பங்கீட்டைத் தேசவழமை திருமணத்தின்போதே பெருமளவு முடித்துவிட்டது. இன்ன காணி இன்ன மகளுக்கு என்பது பெற்றோர் உயிரோடிருக்கும்போதே, ஊரார் அறிய, முடிவாகியது. மரணசாசனம் என்னும் வடிவம் இம்மரபுக்கு உரியதன்று. மரணசாசனம் செய்யவேண்டிய பணியைச் சீதனம் செய்தமையால் அதன் தேவையும் பெரிதாக உணரப்படவில்லை.

ஆனால் இவ்வொழுங்கு விலையற்றதன்று. பெற்றோர் செலுத்திய விலை, தம் வாழ்நாளிலேயே ஆதனத்தின் மீதான அதிகாரத்தை இழத்தலாகும். கொடுத்தபின் பிள்ளையின் தயவில் வாழவேண்டிய நிலை நேரலாம். இவ்வச்சத்தினாலேயே பிற்காலத்துச் சீதன உறுதிகளிலும் நன்கொடை உறுதிகளிலும், காணியைப் பிள்ளைக்கு எழுதி, அதன் பயனை அனுபவிக்கும் சீவிய உரித்தைப் பெற்றோர் தமக்கென ஒதுக்கிக்கொள்ளும் வாசகம் இடம்பெறலாயிற்று. மகள் செலுத்திய விலையோ வேறு. சீதனமாகக் கிடைத்தது சிறிதாயினும் பெரிதாயினும் அதனோடு அவளது உரிமை முடிந்தது. தந்தை பின்னர் தேடிய செல்வம் அவளைச் சேரவில்லை.

எழுத்தும் சாட்சியும்

ஒல்லாந்தர் தம்மோடு கொண்டுவந்த உரோமன்-ஒல்லாந்தச் சட்டத்திலே மரணசாசனம் பழைமையான ஒரு நிறுவனம். எனினும் அச்சட்டத்தின்கீழ் ஒருவர் தம் ஆதனம் முழுவதையும் விரும்பியவாறு எழுதிவைத்தல் இயலாது. பிள்ளைகளுக்கு ஒரு பங்கு கட்டாயமாகச் சென்றடையவேண்டும் என்பது யசுத்தீனியன் காலத்து உரோமச் சட்டத்திலிருந்து வந்த விதி.

பிரித்தானியர் ஆட்சியிற் பிறந்த இரு கட்டளைச்சட்டங்கள் இந்நிலையை மாற்றின. முதலாவது, 1840 ஆம் ஆண்டு 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டம். காணி விற்பனை, நன்கொடை, ஈடு ஆகியன எழுத்தில், நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரு சாட்சிகளோடு நிறைவேற்றப்பட்டாலன்றிச் செல்லாவென அது விதித்தது. வாய்ச்சொல்லாலும் ஊரறிவாலும் நிலைத்துவந்த ஒழுங்கு இதனால் கடதாசிக்கு மாறியது. கடதாசியோடு முத்திரைக் கட்டணமும் நொத்தாரிசின் வேதனமும் வந்தன.

மரணசாசனத்தைப் பொறுத்தவரை அக்கட்டளைச்சட்டம் இரு வழிகளைத் திறந்துவைத்தது. நொத்தாரிசு ஒருவரும் இரு சாட்சிகளும் ஒருங்கிருக்கக் கையொப்பமிடுதல் ஒன்று. நொத்தாரிசு இல்லாவிடின் ஐந்து சாட்சிகள் ஒருங்கிருக்கக் கையொப்பமிடுதல் மற்றொன்று. இரண்டாம் வழி பெரிதும் கவனிக்கப்படாத ஒன்றாகும். அயலவர் ஐவரை அழைக்கக்கூடிய எவரும் நொத்தாரிசுக்கு ஒரு சதமேனும் கொடாது செல்லுபடியாகும் மரணசாசனத்தை ஆக்கலாம் என 1840 ஆம் ஆண்டிலேயே சட்டம் இடமளித்தது. காணி உறுதிக்கு இத்தகைய சலுகை இல்லை. வாழ்வோர் தமக்குள் ஆதனத்தை மாற்றிக்கொள்வதிலும் பார்க்க, இறப்பவரின் விருப்பத்தைப் பதிவுசெய்தல் செலவு குறைந்ததாக இருக்கவேண்டும் என்பதே இதன் விளைவு. எழுதுதல் செலவுமிக்கது என்ற பொது எண்ணத்துக்கு இச்சட்டம் நேர்மாறான சான்றாகும்.

இரண்டாவது, 1844 ஆம் ஆண்டு 21 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். மரணசாசனம் எழுதும் தகுதியுடைய எவரும் தம் ஆதனத்தைத் தாம் விரும்பிய எவருக்கும் எழுதிவைக்கலாம் என்றும், பிள்ளைகளுக்குரிய கட்டாயப் பங்கு அதனைத் தடைசெய்யாது என்றும் இது வகுத்தது. ஒரு தந்தை தன் மக்களுள் ஒருவருக்கே எல்லாவற்றையும் எழுதுதலும், எவருக்கும் எழுதாது தருமத்துக்கு விடுதலும் சட்டப்படி இயல்வதாயிற்று. இவ்வளவு பரந்த சுதந்திரம் கிடைத்தபின்னரும் தமிழர் பெரும்பாலும் சீதன உறுதியையே நாடினர். வழக்கத்தின் வலிமை சட்டத்தின் வலிமையிலும் பெரிது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கொழும்புக்கு வந்தோரும் இரு சட்டங்களும்

1905 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துக்கான புகையிரதப் பாதை காங்கேசன்துறைவரை திறக்கப்பட்டது. அரசாங்க எழுதுவினைஞர், ஆசிரியர், வணிகர் எனக் கொழும்பிலே தொழில் புரிந்த தமிழரின் தொகை பெருகியது. கொட்டாஞ்சேனையிலும் பின்னர் வெள்ளவத்தை, பாமன்கடைப் பகுதிகளிலும் அவர்கள் குடியமர்ந்தனர். முதலிலே வாடகை வீடு; பின்னர், ஊர்க்காணியை விற்றோ வேதனத்தைச் சேமித்தோ வாங்கிய சொந்த வீடு. ஊரிலே ஒரு முதுசக் காணியும் கொழும்பிலே ஒரு வீடும் உடைய குடும்பம் என்னும் புதிய வகை இவ்வாறு தோன்றியது.

இக்குடும்பத்தின் தலைவர் மரணசாசனம் எழுதாது இறப்பின் எச்சட்டம் செல்லும்? இவ்வினாவுக்குரிய விடை எளிதன்று. தேசவழமைக்கோ கண்டியச் சட்டத்துக்கோ முஸ்லிம் சட்டத்துக்கோ உட்படாதோருக்கு 1876 ஆம் ஆண்டு 15 ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டம் பொருந்தும். இதன்படி இறந்தவரின் ஆதனத்திற் சரிபாதி வாழ்க்கைத்துணைக்கும் மறுபாதி பிள்ளைகளுக்கும் செல்லும். தேசவழமைக்கு உட்பட்டோருக்கோ 1911 ஆம் ஆண்டு 1 ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டம் பொருந்தும். 1947 ஆம் ஆண்டு 58 ஆம் இலக்கச் சட்டத்தால் இது திருத்தப்பட்டது. இறந்தவரின் தேடியதேட்டத்திற் பாதி துணைக்குச் செல்லும். முதுசமோ, பிள்ளைகள் இருப்பின், அவர்களையே சேரும். அந்தக் கட்டளைச்சட்டம் ஆதனம் எங்கிருப்பினும் பொருந்துமென்பதால் பாமன்கடை வீடும் அதற்கு விலக்கன்று.

இவ்வேறுபாட்டின் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒருவர் வேதனத்தைச் சேமித்து, மணமானபின் பாமன்கடையில் ஒரு வீட்டை வாங்கினார் எனக் கொள்வோம். அது தேடியதேட்டம். இறந்தவருக்குரிய பங்கிற் பாதி எச்சட்டத்தின்கீழும் மனைவிக்குக் கிடைக்கும். அவரே ஊரிலிருந்த முதுசக் காணியை விற்று அப்பணத்தால் அவ்வீட்டை வாங்கியிருப்பின் நிலைமை வேறு. தனி ஆதனத்தின் பணத்தால் வாங்கியது தேடியதேட்டம் ஆகாதென 1947 ஆம் ஆண்டுச் சட்டம் வரைவிலக்கணம் கூறுகின்றது. எனவே பொதுச்சட்டம் பொருந்துமாயின் மனைவிக்கு வீட்டின் பாதி. தேசவழமை பொருந்துமாயின் அவளுக்கு அதிற் பங்கில்லை. முப்பது ஆண்டுகள் அவள் சமைத்து, பெருக்கி, பிள்ளைகளை வளர்த்த வீடு அது என்பது சட்டத்தின் கணக்கில் வருவதில்லை.

தேசவழமை யாருக்குப் பொருந்தும் என்பதே இதனால் முதன்மையான வினாவாகின்றது. 1806 ஆம் ஆண்டுப் பிரமாணம் ‘யாழ்ப்பாண மாகாணத்து மலபார் குடிகள்’ எனக் குறித்தது. மலபார் என்பது அக்காலத்து ஐரோப்பியர் தமிழரைச் சுட்டிய சொல். குடி என்பதற்குப் பொருள் யாது? யாழ்ப்பாணத்து மரபிற் பிறந்த அனைவருமா, அங்கு நிலையாக வாழ்வோர் மட்டுமா? ‘ஸ்பென்சர் எதிர் இராசரத்தினம்’ என அறியப்படும் 1913 ஆம் ஆண்டு வழக்கில் உயர்நீதிமன்றம், நிலையான வதிவே அளவுகோல் என்றும், யாழ்ப்பாணத்து மரபு மட்டும் போதாது என்றும் கொண்டது. கொழும்பிலேயே நிலைத்துவிட்ட தமிழர் தேசவழமைக்குப் புறம்பானவர் என்னும் கொள்கை இதனால் வலுப்பெற்றது. ஆயினும் ஒருவர் எப்பொழுது நிலைத்துவிட்டார் எனக் கொள்வது? ஓய்வுபெற்றதும் ஊருக்குத் திரும்பும் எண்ணம் அவருக்கு இருந்ததா? திருவிழாவுக்கு ஆண்டுதோறும் சென்றாரா? ஊர்வீட்டைப் பூட்டிவைத்தாரா, வாடகைக்கு விட்டாரா? இறந்தவரின் உள்ளத்திலிருந்த எண்ணத்தை உயிரோடிருப்போர் நீதிமன்றத்தில் எண்பிக்கவேண்டியதாயிற்று.

பெண்ணின் நிலை இதனினும் சிக்கலானது. தேசவழமைக்கு உட்பட்ட ஆணை மணந்த பெண், தான் எவ்விடத்தவளாயினும், மணவாழ்வின்போது அவ்வழமைக்கு உட்படுகின்றாள். உட்படாதவரை மணந்தவளோ அதிலிருந்து நீங்குகின்றாள். ஆகவே தன் கணவன் எவ்வூர்க் ‘குடி’ என்னும் வினாவே அவளது பங்கையும் தீர்மானித்தது.

இவ்விடர்ப்பாடு முழுவதையும் ஒரு தாள் நீக்கவல்லது என்பதே கவனித்தற்குரியது. எச்சட்டத்துக்கு உட்பட்டவராயினும் மரணசாசனம் எழுதும் உரிமை அவருக்கு உண்டு. ‘என் மனைவிக்கு இவ்வீடு’ என ஒருவர் முறைப்படி எழுதிவைத்தால், அவ்வீட்டைப் பொறுத்தவரை அவர் யாழ்ப்பாணக் குடியா, கொழும்புக் குடியா என்னும் வழக்குக்கே இடமில்லை. 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் மனைவிக்கும் இவ்வாயிலைத் திறந்துவைத்தது. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சொந்தக் காணியைத் தன் வாழ்நாளில் விற்பதற்கோ நன்கொடையளிப்பதற்கோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அதே காணியை மரணசாசனத்தால் எழுதிவைப்பதற்கு அவன் சம்மதம் வேண்டியதில்லை. வாழும்போது இல்லாத சுதந்திரம் இறக்கும்போது அவளுக்கு இருந்தது. அதனைப் பயன்படுத்த நொத்தாரிசின் வேதனமோ, ஐந்து சாட்சிகளோ போதுமாயிருந்தன.

வரியின் காலம்

இருபதாம் நூற்றாண்டிலே இக்கணக்கில் அரசும் ஒரு பங்காளியாக நுழைந்தது. பிரித்தானியாவில் 1894 ஆம் ஆண்டிலே நிதியமைச்சர் வில்லியம் ஹார்க்கோட் மரணச்சொத்து வரியைப் புதிய வடிவில் அறிமுகஞ்செய்தார். இலங்கையில் அது 1919 ஆம் ஆண்டு 8 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தால் வந்தது. 1938 ஆம் ஆண்டு 1 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. இறந்தவரின் ஆதனம் வாரிசுகளைச் சேருமுன்னர் அரசின் பங்கு கணிக்கப்படலாயிற்று.

இவ்வரி எழுப்பிய வழக்குகளுள் தமிழரோடு தொடர்புடைய மிகப் புகழ்பெற்றது அருணாசலஞ் செட்டியார் வழக்கு. கொழும்புச் செட்டியார் தெருவை மையமாகக்கொண்டு நாடெங்கும் கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார் பலரைப் போலவே, தேவகோட்டையைச் சேர்ந்த இக்குடும்பத்துக்கும் இலங்கையிற் பெரும் ஆதனம் இருந்தது. மகன் 1934 ஆம் ஆண்டிலும் தந்தை 1938 ஆம் ஆண்டிலும் இறந்தனர். இந்துக் கூட்டுக்குடும்பத்தின் பொது ஆதனத்துக்கு மரணச்சொத்து வரியிலிருந்து விலக்கு இருந்தது. மகன் இறந்தபின் குடும்பத்தில் எஞ்சிய ஆண் தந்தை ஒருவரே. ஒருவர் மட்டும் உள்ளபோது அது கூட்டுக்குடும்பம் ஆகுமா என்பதே தந்தையின் ஆதனம் பற்றி எழுந்த வினா. அரசு ஆகாதென்றது. மாவட்ட நீதிமன்றம், உயர்நீதிமன்றம் ஆகியவற்றைக் கடந்து வழக்கு இலண்டன் கோமறைக் கழகத்தைச் சென்றடைந்தது. அங்கு 1957 ஆம் ஆண்டிலே தீர்ப்புக் கிடைத்தது. குடும்பத்திலே சீவனாம்ச உரிமையுடைய கைம்பெண்கள் இருந்தனர். அவர்கள் மகவேற்றுக் குடும்பத்தைத் தொடரச் செய்யும் நிலையும் இருந்தது. ஆகவே கூட்டுக்குடும்பம் அற்றுப்போகவில்லை என்பது தீர்ப்பு.

தந்தையின் சாவுக்கும் தீர்ப்புக்கும் இடையே 19 ஆண்டுகள் சென்றன. பங்கு கேட்டுப் பெறமுடியாத நிலையிலிருந்த பெண்கள், தாம் குடும்பத்தில் இருந்தமையாலேயே அக்குடும்பத்தின் ஆதனத்தை வரியிலிருந்து காத்தனர் என்பது இவ்வழக்கின் உள்ளே பொதிந்த முரண்பாடு. கோமறைக் கழகம்வரை செல்லும் செலவைத் தாங்கும் வலிமை அக்குடும்பத்துக்கு இருந்தது. பாமன்கடை எழுதுவினைஞரின் குடும்பத்துக்கு அது கனவிலும் இயலாதது.

சுதந்திரத்தின் பின்னர் வரிவலை மேலும் இறுகியது. பொருளியலாளர் நிக்கொலஸ் கல்டோரின் ஆலோசனையைத் தழுவி 1959 ஆம் ஆண்டிலே செல்வ வரி, செலவு வரி, நன்கொடை வரி என்பன விதிக்கப்பட்டன. சாவுக்கு முன்னரே பிள்ளைகளுக்குக் கொடுத்து மரணச்சொத்து வரியைத் தவிர்க்கும் வழிக்கும் இதனால் விலை ஏற்பட்டது. ஆதனத்தைப் பேரப்பிள்ளைகள்வரை கட்டிவைக்கும் உரோமன்-ஒல்லாந்த ஏற்பாட்டை 1972 ஆம் ஆண்டு 20 ஆம் இலக்கச் சட்டம் ஒழித்தது. ஒருவர் அல்லது ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகைக்கு 1973 ஆம் ஆண்டு 1 ஆம் இலக்க வீட்டுச்சொத்து உச்சவரம்புச் சட்டம் எல்லை கட்டியது. செல்வம் ஒரு சிலரிடம் குவிவதைத் தடுக்கும் நோக்கம் இச்சட்டங்களின் பின்னணியில் இருந்ததை மறுக்கவியலாது. மரணச்சொத்து வரி 1985 ஆம் ஆண்டிலே இலங்கையில் நீக்கப்பட்டது. இந்தியாவில் 1953 முதல் வழக்கிலிருந்த அத்தகைய வரியும் அதே ஆண்டிலேயே நீக்கப்பட்டது. இலங்கை 2023 ஆம் ஆண்டிலே சர்வதேச நாணய நிதியத்துடன் செய்த ஏற்பாட்டிலே இவ்வகை வரி பற்றிய பேச்சு மீண்டும் எழுந்தமை குறிப்பிடத்தக்கது.

தீயும் கடதாசியும்

வரி நீங்குவதற்கு இரு ஆண்டுகள் முன்னர், வரியினும் கொடியதொன்று நிகழ்ந்தது. 1983 ஆம் ஆண்டு யூலையில் வெள்ளவத்தை, பாமன்கடை உள்ளிட்ட கொழும்பின் தமிழர் வாழ் பகுதிகள் தாக்கப்பட்டன. வீடுகளோடு அலுமாரிகளும், அலுமாரிகளில் இருந்த உறுதிகளும் எரிந்தன. பாதிக்கப்பட்ட ஆதனங்கள் அவசரகால ஒழுங்குவிதிகளின்கீழ் அரச அதிகார சபையொன்றின் பொறுப்பில் வந்தன. அவற்றை மீளப்பெற வேண்டியவர்கள் உரிமையாளர் தாமே என நிறுவவேண்டியிருந்தது.

அவ்வேளையில், வேண்டாச் செலவு எனப் பலர் சலித்துக்கொண்ட நொத்தாரிசு முறையின் பயன் தெரிந்தது. காணி உறுதி மூன்று படிகளாக ஆக்கப்படுவது. ஒன்று உரியவரிடமும், ஒன்று நொத்தாரிசின் கோவையிலும், ஒன்று காணிப் பதிவகத்திலும் இருக்கும். வீட்டிலிருந்தது எரிந்தாலும் பதிவகத்திலிருந்தது எஞ்சியது. முறையாக எழுதிப் பதிந்தவர் தம் உரிமையை மீண்டும் காட்டக்கூடியவராயிருந்தார். தந்தை இறந்தபின் எவ்வித நடவடிக்கையும் எடாது, ‘தம்முள் ஒத்து’ வாழ்ந்த குடும்பத்துக்கோ, தந்தையின் பெயரிலிருந்த உறுதிக்கும் தமக்கும் உள்ள தொடர்பை அகதிமுகாமிலிருந்து நிறுவவேண்டிய நிலை வந்தது.

அதன்பின் குடும்பங்கள் சிதறின. ஒரு பிள்ளை தொறன்ரோவில், மற்றொரு பிள்ளை இலண்டனில், தாய் பாமன்கடையில் என்னும் நிலை பொதுவாயிற்று. நிலத்தின் விலை உயர, தனிவீடுகள் இருந்த வளவுகளில் அடுக்குமாடிகள் எழுந்தன. 1973 ஆம் ஆண்டு 11 ஆம் இலக்கச் சட்டம் மாடிவீட்டைத் தனியுரித்தாக வைத்திருக்க வழிசெய்திருந்தது. வளவை மூன்று பிள்ளைகளுக்கு மூன்று துண்டாகப் பிரிக்கலாம்; மாடிவீட்டை அவ்வாறு பிரித்தல் இயலாது. எழுதிவைக்காது இறப்பின் பிள்ளைகள் பிரிபடாப் பங்காளராவர். ஒருவர் விற்க விரும்பி மற்றவர் மறுப்பின், 1977 ஆம் ஆண்டு 21 ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின்கீழ் வழக்கிடுவதன்றி வேறு வழியில்லை. வெளிநாட்டிலுள்ள பங்காளர் ஒவ்வொருவரும் அற்றோணித் தத்துவம் எழுதி, சான்றுறுதி செய்து அனுப்பவேண்டும். வெளிநாட்டவர் காணி பெறுவதைக் கட்டுப்படுத்திய 2014 ஆம் ஆண்டு 38 ஆம் இலக்கச் சட்டம் நெருங்கிய உறவினருக்கு மரபுரிமையாலோ, நன்கொடையாலோ, மரணசாசனத்தாலோ செல்லும் ஆதனத்துக்கு விலக்களித்தமையால், பிறநாட்டுக் குடியுரிமை பெற்ற பிள்ளைக்கும் தாயின் வீடு செல்வதற்கு வழியுள்ளது. ஆனால் உறவை எண்பிக்கும் பத்திரங்கள் யாவும் ஒழுங்காயிருத்தல் வேண்டும்.

இன்று ஒருவர் தெரிவுசெய்யக்கூடிய வழிகளின் செலவை ஒப்பிடுதல் இங்கு பொருத்தமாகும். வாழும்போதே நன்கொடையாகக் கொடுப்பின், மேல் மாகாணத்தில் வழக்கிலுள்ள வீதப்படி முதல் 50,000 ரூபாவுக்கு நூற்றுக்கு 3, எஞ்சியதற்கு நூற்றுக்கு 2 என முத்திரைக் கட்டணம் விதிக்கப்படும். ஒரு கோடி ரூபா பெறுமதியுள்ள வீட்டுக்கு அது 2,00,500 ரூபா. அதே வீட்டை விற்பனை உறுதியால் மாற்றின், முதல் 1,00,000 ரூபாவுக்கு நூற்றுக்கு 3, எஞ்சியதற்கு நூற்றுக்கு 4 என 3,99,000 ரூபா. நொத்தாரிசின் வேதனம் இவற்றுக்குப் புறம்பானது. மரணசாசனத்தை எழுதும்போது ஆதனம் கைமாறுவதில்லையாதலின் பெறுமதியை அளவாகக்கொண்ட இத்தகைய கட்டணம் எழுவதில்லை. எழுதுவோரின் வேதனமே செலவு.

மரணசாசனத்துக்கும் பின்னர் ஒரு செலவு உண்டு என்பதை மறைத்தல் கூடாது. எழுதியவர் இறந்தபின், நிறைவேற்றுநர் மாவட்ட நீதிமன்றிலே மரணசாசன வழக்கிட்டு, பத்திரிகையில் அறிவித்தல் கொடுத்து, ஆதன விவரத்தைக் காட்டி, அதனை ஏற்றுறுதிசெய்யும் ‘புறோபேற்’ ஆணையைப் பெறவேண்டும். இதனைத் தவிர்க்கும் பொருட்டே பலர் நன்கொடை உறுதியை நாடுகின்றனர். அதற்கும் பணத்தில் அளக்கவியலாத ஒரு விலை உண்டு. ஏற்றுக்கொள்ளப்பட்ட நன்கொடையை எளிதில் மீட்கவியலாது. வீட்டை எழுதிக்கொடுத்தபின் புறக்கணிக்கப்பட்ட பெற்றோர் பெரும் நன்றிமறத்தலைக் காரணங்காட்டி நீதிமன்றத்தை நாடுவதற்கென 2017 ஆம் ஆண்டிலே 5 ஆம் இலக்கச் சட்டமொன்றை இயற்றவேண்டியிருந்தமை, அவ்விலை எத்துணைப் பெரிது என்பதைக் காட்டும். ஐசாக்ஸ் தொகுத்த காலத்திலே தம் அதிகாரத்தைக் கைவிட்டுக் கொடுத்த பெற்றோர் எதிர்நோக்கிய அதே இடர், முந்நூறு ஆண்டுகளின் பின்னும் நீங்கவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, ஆதன ஒழுங்கின் செலவு எக்காலத்தும் இரு கணக்குகளில் எழுதப்பட்டு வந்துள்ளமை புலனாகும். முதலாவது கணக்கு எழுதுபவருடையது. நொத்தாரிசின் வேதனம், முத்திரைக் கட்டணம் என எண்ணித் தீர்க்கக்கூடிய தொகைகள் அதிலுள்ளன. 1840 ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து சாட்சிகளின் வழியை வகுத்தபோது அக்கணக்கு ஏறத்தாழ வெறுமையாகவும் இருக்கலாம் என்றாயிற்று. இரண்டாவது கணக்கு எஞ்சியிருப்போருடையது. எச்சட்டம் பொருந்தும் என்னும் வழக்கு, பிரிபடாப் பங்கின் பிணக்கு, எரிந்த பத்திரங்களுக்கான அலைச்சல், ஆண்டுக்கணக்கான காத்திருப்பு ஆகியன அதில் அடங்கும். எழுதாதிருத்தல் செலவற்றது எனத் தோன்றுவதற்குக் காரணம், அச்செலவைச் செலுத்துபவர் எழுதாதவர் அல்லர் என்பதேயாகும்.

அவ்வாறு செலுத்தியோருள் பெரும்பாலோர் பெண்கள் என்பதை இவ்வரலாறு மீண்டும் மீண்டும் காட்டுகின்றது. சீதனத்தோடு உரிமை முடிந்த மகள், கணவனின் ‘குடி’யை எண்பிக்கவேண்டியிருந்த மனைவி, எரிந்த வீட்டின் முன் உறுதியின்றி நின்ற தாய் ஆகியோர் அனைவரும் பிறர் எழுதாததன் விலையைக் கொடுத்தவர்கள். சாவைப் பேசுதல் அமங்கலம் எனக் கருதி நாவடக்குவோர், அந்த அமங்கலத்தைத் தம் மனைவியின் தலையிற் சுமத்திச் செல்கின்றனர்.

தேசவழமையின் காலத்து மக்கள் தம் ஒழுங்கை ஊரறியச் செய்தனர். ஊர் அதனை நினைவில் வைத்திருந்தது. பாமன்கடையின் மாடிவீட்டிலே அயல்வீட்டார் பெயரே அறியாது வாழ்வோருக்கு அத்தகைய நினைவு கிடையாது. அவர்களுக்கு எழுத்தொன்றே ஊராக உள்ளது. அதனை ஆக்கும் செலவு எவ்வளவு என வினவுவோர், ஆக்காமையின் செலவைத் தம் குடும்பத்தில் எவர் செலுத்தப்போகின்றார் என்பதையும் உடன் வினவுதல் வேண்டும்.